இட்டேரி ஓரத்துக் காட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள காட்டுக்காரர்களுக்கும் தோட்டத்துக்காரர்களுக்கும்,

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலை, பெருந்துறை என்று நம் பக்கத்து ஊர்களில் இட்டேரியை ஒட்டி நிலம் வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். நானும் பண்ணையம் பார்க்கிறவன்தான். என் காட்டுக்கும் ஒரு பக்கம், இருபுறமும் உயிர்வேலி நிற்கும் தடமான இட்டேரிதான் எல்லை. கேட்க நினைப்பது இவ்வளவுதான்: மிச்சமிருக்கும் இட்டேரிகளையும் வண்டித்தடங்களையும் ஒற்றையடித் தடங்களையும் இனி அடைக்க வேண்டாம். அடைத்தவற்றைத் திறந்துவிடுங்கள். எந்தத் தடம் எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை, அதில் நடந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஊர் கூடி எழுதி வைப்போம்.

யாரும் ஒரே நாளில் தடத்தை அழித்துவிடவில்லை. உழவு ஓட்டும்போது ஆண்டுக்கு ஒரு சால் தடத்துக்குள் தள்ளிப் போனது. மாட்டு வண்டி போய் டிராக்டரும் மொபெட்டும் வந்தன, ஊருக்குத் தார்ச்சாலை வந்தது, தடத்தில் ஆள் நடமாட்டம் குறைந்தது. நடமாட்டம் குறைந்த இடத்தில் சீமைக்கருவேலம் ஏறியது. அப்புறம் நிலம் கைமாறியது. வாங்கியவர் வெளியூர்க்காரர், அவர் கண்ணுக்குக் கிளுவை வேலி புதராகத்தான் தெரிந்தது. பொக்லைன் அரை நாள் ஓடினால் மூன்று தலைமுறை வேலி வேரோடு வந்துவிடும். கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தார்கள். தடத்தின் வாயில் இரும்புக் கேட் வந்தது, கேட்டுக்குப் பூட்டு வந்தது. பக்கத்துக் காட்டுக்காரருக்குச் சாவி கொடுத்தார்கள். ஆடு ஓட்டி வருகிறவருக்குச் சாவி கிடையாது. ஊரில் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியவர்கள் அதற்குள் அந்த வழியாகப் போவதையே விட்டிருந்தார்கள்.

ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் அழியாத ஒரு இட்டேரிக்குள் நுழைந்து பாருங்கள். கிளுவை தழைத்து இரண்டு பக்கமும் சுவராக நிற்கும். அதற்குள் பிரண்டை ஓடியிருக்கும், பிரண்டைமேல் கோவைக்கொடி, கோவைக்குப் பக்கத்தில் முடக்கத்தானும் வேலிப்பருத்தியும். அடியில் சங்கஞ்செடி, கள்ளி, ஆவாரை, நொச்சி. நடுநடுவே வேம்பும் வெள்வேலும் தலை நீட்டும். சளிக்குத் தூதுவளையும், கைகால் பிடிப்புக்கு முடக்கத்தானும், துவையலுக்குப் பிரண்டையும் நம் வீட்டுப் பெண்கள் எங்கே பறித்தார்கள்? தோட்டத்தில் யாரும் அவற்றைப் பயிர் வைக்கவில்லை. எல்லாம் வேலியில் கிடைத்தவை, நிலம் இல்லாதவர் வீட்டுக்கும் அதே வேலியிலிருந்துதான் கிடைத்தன.

கவுதாரியும் காடையும் அந்த வேலியடியில்தான் முட்டையிடும். கீரி, உடும்பு, சாரைப்பாம்பு எல்லாவற்றுக்கும் அதுதான் ஒதுங்கிடம். மயில் தொல்லை தாங்க முடியவில்லை என்று இன்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், ஆனால் மயில் முட்டையைத் தின்னும் உயிர்கள் பதுங்க இடமில்லாமல் வேலியைப் பிடுங்கினோம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் மேல்மண்ணை எப்படி வாரிக்கொண்டு போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பி வேலி அந்தக் காற்றில் ஒரு துளியைக்கூட நிறுத்தாது. காங்கயம் மாடு மேய்ந்து வளர்ந்த கொறங்காட்டுக்கும் இதே கிளுவைதான் வேலி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் காயும் அந்த வேலியின் காவலில்தான் நின்றன.

தண்ணீரையும் மறந்துவிடுகிறோம். நம் பக்கத்து இட்டேரிகள் பல இரண்டு பக்கத்துக் காட்டைவிடத் தாழ்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை வெள்ளம் அதில் இறங்கி ஓடை, குட்டை, குளம் என்று போய்ச் சேரும். இட்டேரியை நிரவி நிலத்தோடு சேர்த்தவர்கள் அந்த வெள்ளம் வேறு யாருடைய காட்டில் ஏறும் என்று பார்க்கவில்லை. பல இடங்களில் அவர்கள் காட்டிலேயே ஏறியிருக்கிறது.

தடத்தில் நடக்கிறவர்கள் யார் என்று பாருங்கள். செம்மறி ஓட்டுகிறவர்கள், களையெடுக்கவும் கடலைக்காய் பிடுங்கவும் உங்கள் காட்டுக்கே கூலிக்கு வரும் பெண்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள், கருப்பராயன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிறவர்கள். தடம் அடைபட்டால் இவர்கள் தார்ச்சாலைக்குத்தான் போக வேண்டும். அந்தச் சாலையில் நடக்க ஓரம் கிடையாது. லாரியும் மில் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும் சாலையில் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகச் சொல்வது எந்த விதத்திலும் நியாயமில்லை. வெள்ளாமை எடுத்த காட்டில் பட்டி போட ஆள் கிடைக்கவில்லை, ஆட்டுப்புழுக்கை கிடைக்கவில்லை என்று நாமே அங்கலாய்க்கிறோம். பட்டிக்காரர் ஆட்டை எந்த வழியாக நம் காட்டுக்கு ஓட்டி வருவார்?

அடுத்து எழுதப் போவது சிலருக்குக் கசக்கும். சுடுகாட்டுத் தடம். இறந்தவரைத் தூக்கிக்கொண்டு போகும் வழி பட்டா நிலத்தில் இருப்பதாலோ, வழியைப் பட்டா நிலத்தோடு சேர்த்துக்கொண்டதாலோ எத்தனை ஊர்களில் பிணத்தை வைத்துக்கொண்டு காலனி மக்கள் சாலை மறியல் செய்ய வேண்டியிருக்கிறது! 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வழி இல்லாமல், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அது வேலூர்ப் பக்கத்துக் கதை என்று நம்மால் ஒதுங்கிவிட முடியாது. நம் பக்கமும் தடத்தை அடைப்பவர் எந்தச் சாதி, வழி அடைபடுபவர் எந்தச் சாதி என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் தன் தகப்பனைப் புதைக்கப் போகும்போது நம் கேட்டில் நின்று அனுமதி கேட்கும்படி வைத்திருப்பது நமக்குப் பெருமை சேர்க்காது. மற்ற எந்தத் தடத்துக்கும் முன்னால் இந்தத் தடங்களைத் திறக்க வேண்டும், அதற்குக் கிராமசபையும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம்.

இனி கணக்குக்கு வருவோம். 'என் பட்டா நிலம், என் இஷ்டம்' என்று சொல்வதற்கு முன் மூன்று காகிதங்களை எடுத்து வைத்துப் பாருங்கள். முதலாவது புலப்படம். இப்போது செல்போனிலேயே சர்வே எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அதில் உங்கள் நிலத்தை ஒட்டியோ ஊடாகவோ இரட்டைப் புள்ளிக்கோடு ஓடினால் அது வண்டிப்பாதை. இரண்டாவது அ-பதிவேடு. தடத்துக்குத் தனி சர்வே எண்ணோ உட்பிரிவோ இருந்து, அதற்கு நேராகப் பாதைப் புறம்போக்கு என்று எழுதியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை, அது உங்கள் நிலமே கிடையாது. மூன்றாவது உங்கள் சொந்தப் பத்திரம். நம் பக்கத்துப் பத்திரங்களில் செக்குபந்தி எழுதும்போது 'பொது இட்டேரிக்கு மேற்கு', 'தென்வடல் வண்டித்தடத்துக்குக் கிழக்கு' என்று எல்லை சொல்லியிருப்பார்கள். ஆளும் வண்டியும் கால்நடையும் போகவர மாமூல் தடபாத்தியம் என்று ஒரு வரியும் இருக்கும். அந்த வரியை நம்பித்தான் உங்கள் பாட்டனார் அந்தக் காட்டை வாங்கினார். பக்கத்துக் காட்டுக்காரரின் பத்திரத்திலும் அதே வரி இருக்கும். நமக்கு வழி வேண்டும்போது அந்த வரியை நீட்டிக்கொண்டு, அடுத்தவருக்கு வேண்டும்போது மறைத்து வைக்க முடியாது. நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) எழுதிய கணக்கில் தடம் விடுபட்டிருக்கிறது என்றால் அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் பழைய கிராம வரைபடத்தையும் பார்க்க வேண்டும். பல தடங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

சட்டமும் புதிதல்ல. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியார் சொத்து என்று நிலைநாட்டப்படாத பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை எல்லாம் அரசின் சொத்து என்கிறது. அவற்றின் ஓரத்தில் உள்ள பள்ளம், கரை, வேலி ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே பொது இட்டேரியின் கிளுவையைப் பிடுங்குவதும் தடத்தை உழுவதைப் போன்றதுதான். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு ஒருவர் வழியாகப் பயன்படுத்திய நிலத்தில் அவருக்கு வழி உரிமை உண்டு. அரசு நிலமானால் 30 ஆண்டுகள். வேறு வழியே இல்லாத காட்டுக்கு அவசியத்தின் பேரிலும் வழி உரிமை உண்டு. அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. இப்படிப்பட்ட தனி வழி உரிமையைத் தொடர்ந்து 20 ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால் அது போய்விடும். நடக்காத தடம் செத்துவிடும் என்று நம் பெரியவர்கள் வாய்மொழியாகச் சொன்னது சட்டத்திலும் இருக்கிறது. மொபெட்டும் தார்ச்சாலையும் வந்து எத்தனை காலம் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நெடுங்காலமாக என் அனுபவத்தில் இருக்கிறது, செலவு செய்து கட்டிடம் கட்டிவிட்டேன் என்று சொல்கிறவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில், பஞ்சாப் மாநிலத்து ஜக்பால் சிங் வழக்கில் பதில் சொல்லியிருக்கிறது. ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர் எவ்வளவு காலம் வைத்திருந்தார், எவ்வளவு செலவு செய்தார், யாரைத் தெரியும் என்பதெல்லாம் அந்த ஆக்கிரமிப்பை நியாயப்படுத்தாது. எல்லா மாநிலங்களும் அதை அகற்றத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

ஆனால் நான் வழக்கைப் பற்றிப் பேச வரவில்லை. பொது வழியை அடைத்தால் கோட்டாட்சியரிடம் போக வழி இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு. அது கடைசிக் கதவு. தட வழக்கில் இறங்கிய இரண்டு குடும்பங்கள் ஒரே ஊரில் நல்லது கெட்டதுக்குப் பேசிக்கொள்ளாமல் கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எழுதி வைக்காததால் வந்த சண்டைகள்தான் அவற்றில் பாதிக்கு மேல் என்பது என் எண்ணம்.

எழுதி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே வயல்வெளிப் பாதைகளுக்காக நெடிய போராட்டம் நடந்தது. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டு நிலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் தடையை மீறி நடந்தார்கள், அவர்களில் சிலர் சிறைக்கும் போனார்கள். பிறகு 1949-ல் வந்த சட்டம், பொது நடைபாதைகளை எல்லாம் அளந்து வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. பல இடங்களில் அந்தக் கணக்கெடுப்பை ஊர் மன்றங்களே செய்தன, ஊர்க்காரர்கள் நடந்து பார்த்துக் குறித்துக் கொடுத்தார்கள். அந்த வரைபடத்தில் ஏறிய பாதைக்கு அதுவே முடிவான சான்று. பெரும்பாலான பாதைகள் தனியார் பண்ணைகளின் ஊடேதான் போகின்றன. வயல் நடுவே போகும் பாதையை உழவர் உழலாம், ஆனால் முதல் உழவுக்குப் பிறகு 14 நாளுக்குள் பாதையை நடக்கும்படி திருத்திக் கொடுக்க வேண்டும். வரப்போரப் பாதையை உழக்கூடாது. நிலம் அவருடையது, வழி எல்லோருடையது. அதனால் அங்கே விவசாயம் நின்றுவிடவில்லை.

உங்கள் பயமும் எனக்குத் தெரியும். மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போகிறார்கள். தேங்காய் களவு போகிறது. இட்டேரிக்குள் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பாட்டிலைக் காட்டுக்குள் உடைத்து வீசுகிறார்கள், கண்ணாடி மாட்டின் குளம்பில் ஏறுகிறது. கோழிக்கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், அதைத் தின்று பழகிய நாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் குதறுகின்றன. 2024-லும் 2025-லும் நம் திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதியவர்கள் கொலை செய்யப்பட்டார்கள். அதற்குப் பிறகு ராத்திரியில் நாய் குரைத்தாலே தூக்கம் வராத வீடுகள் எத்தனை! கேட் போட்டவர்களில் பலர் பேராசையால் போடவில்லை, பயத்தால் போட்டார்கள் என்பதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். குடிக்கிறவர்களும் கழிவு கொட்டுகிறவர்களும் ஆள் நடமாடும் தடத்தைத் தேடி வருவதில்லை, ஆளில்லாத முட்டுச்சந்தைத்தான் தேடி வருகிறார்கள். காலையிலும் சாயங்காலமும் பத்துப் பேர் நடக்கும் தடத்தில் அந்நியர் ஒருவர் நின்றால் உடனே தெரிந்துவிடும். ராத்திரியில் வண்டி நுழையாமல் தடுக்க வேண்டுமா? பொதுத் தடமானால் ஊராட்சியோடு பேசி, வண்டிக்குத் தடுப்பும் ஆளுக்கு இடைவெளியும் வைக்கலாம். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும்படி இரண்டு கல்லுக்காலை நெருக்கி நட்டால் மாடு வெளியே போகாது, மனிதர் நடக்கலாம். ஆடு மாடு போகும் தடமானால் பூட்டில்லாத படல் போதும். பழைய தடம் இன்று உங்கள் வீட்டு வாசலுக்குள்ளேயோ களத்துக்குள்ளேயோ போகிறது என்றால், வாசலைத் திறந்து விடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. தடத்தைக் காட்டின் ஓரமாக மாற்றிக் கொடுங்கள், ஆனால் அதை ஊரறிய முறைப்படி எழுதிப் பதிந்து கொடுங்கள். வாய்வார்த்தையாகக் கொடுத்த மாற்றுத் தடம் உங்கள் மகன் காலத்தில் இருக்காது.

இன்னொன்றும் கேட்கிறேன். தடத்தைத் திறப்பது என்றதும் தார் போடுங்கள், கான்கிரீட் போடுங்கள் என்று மனு எழுத ஆரம்பித்துவிடுகிறோம். பிள்ளைகளும் நோயாளிகளும் போகும் தடத்துக்கு நல்ல சாலை அவசியம்தான். எல்லா இட்டேரிக்கும் அது வேண்டாம். சாலை போட வரும் பொக்லைன் முதலில் இரண்டு பக்கத்து வேலியைத்தான் வழித்தெடுக்கிறது. குழியை நிரவி, சீமைக்கருவேலத்தை வெட்டி, வண்டித்தடத்துக்கு ஒரு சுமை கிராவல் கொட்டினாலே பாதி இட்டேரிகள் உயிர்பெற்றுவிடும்.

தடங்களை எழுதி வைக்க, தை, மாசியில் அறுப்பு முடிந்து காடு வெறுமையாக இருக்கும்போது நடந்து பார்ப்பதுதான் நல்லது, தடம் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு குக்கிராமத்திலிருந்தும் வயதானவர்களை அழைத்துக்கொள்வோம். காலனியிலிருந்தும் அழைக்க வேண்டும். ஆடு மேய்த்தவர்களுக்குத் தெரிந்த தடம் நிலம் வைத்திருந்தவர்களுக்குத் தெரியாது. பெண்களையும் அழைக்க வேண்டும், தண்ணீருக்கும் விறகுக்கும் நடந்த வழிகள் அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. செல்போன் வைத்திருக்கும் ஒரு பையன் நடந்த வழியைக் குறித்துக்கொள்ளட்டும். தடத்தின் பெயர், எங்கிருந்து எங்கே, எத்தனை அடி அகலம், எந்தெந்த சர்வே எண், எங்கே அடைபட்டிருக்கிறது, எந்தப் பத்திரத்தில் ஆதாரம் இருக்கிறது என்று ஒரு பெரிய நோட்டில் எழுதுவோம். அடைத்தவர் பெயரை அதில் எழுத வேண்டாம் என்பது என் யோசனை. குற்றப்பட்டியலாக ஆகிவிட்டால் நோட்டு பாதியில் நின்றுவிடும்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சிச் சாலைகளைப் பராமரிப்பதும் சுடுகாடு, இடுகாட்டைப் பேணுவதும் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமை. ஆகவே இந்த நோட்டைக் கிராமசபையில் வைத்துத் தீர்மானம் போடலாம். தீர்மான நகலை வட்டாட்சியருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் அனுப்பி, சர்வேயர் வந்து அளந்து கல் நடும்படி கேட்கலாம். ஒரே தீர்மானத்தில் எல்லாத் தடமும் திறந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. தகராறில்லாத தடங்கள் முதல் ஆண்டிலேயே கணக்கில் ஏறும், தகராறுள்ளவை எவை என்பதாவது வெளிச்சத்துக்கு வரும்.

கம்பி வேலி போட்டவர்கள் கம்பியைக் கழற்ற வேண்டியதில்லை. அடுத்த மழைக்கு முன்னால் கம்பியை ஒட்டி, தடத்தை நெருக்காமல், உங்கள் பக்கத்தில் கிளுவைக் குச்சிகளை ஊன்றிவிடுங்கள், அது குச்சியிலேயே தழைக்கும். குச்சி வேண்டுமென்றால் என் வேலியில் வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்த கிராமசபைக்கு வரும்போது பத்திரத்தின் நகல் ஒன்றைக் கொண்டு வாருங்கள். முழுவதும் வேண்டியதில்லை, செக்குபந்தியும் தடபாத்தியமும் எழுதியிருக்கும் பக்கம் மட்டும் போதும்.

அன்புடன்,
பக்கத்துக் காட்டுக்காரன்